சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், பத்திரிகைக்காரர்கள், நோயாளிகளின் வீட்டார் என்று யாரிடம் இதைப் பற்றிப் பேசினாலும் ஒரே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான் வேறு வேறு குரலில் வருகின்றன. சிலர் கோபமாகக் கேட்பார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தொழில்நுட்ப மதிப்பீடு என்றால் ஸ்கேன் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதா?

இல்லை, பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். இங்கே தொழில்நுட்பம் என்பது நோயைத் தடுக்க, கண்டுபிடிக்க, குணப்படுத்தச் செய்கிற எதையும் குறிக்கும். மாத்திரை, தடுப்பூசி, அறுவைச் சிகிச்சை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம், செவிலியர் வீடு தேடி வந்து பார்க்கிற திட்டம்கூட. இவற்றில் எதைப் பொதுப்பணத்தில் எல்லோருக்கும் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு, அதனால் எவ்வளவு பலன், என்ன கெடுதல், எவ்வளவு செலவு, யாருக்குப் போய்ச் சேரும், யார் விடுபட்டுப் போவார்கள் என்பதை ஆதாரங்களோடு சொல்வதுதான் மதிப்பீடு. துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக எச்.டி.ஏ. என்பார்கள்.

இது புதிதாக வந்த விஷயமா? எந்தெந்த நாடுகளில் இருக்கிறது?

அவ்வளவு புதிதில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 1972-ல் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று ஓர் அலுவலகம் அமைத்தது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், அத்தனை விலை கொடுத்து வாங்கும் கருவியால் நோயாளிக்கு என்ன நன்மை என்று கேட்டவர்களில் அவர்களும் உண்டு. 1995-ல் அந்த அலுவலகம் மூடப்பட்டது. ஸ்வீடன் 1987-லேயே ஒரு மதிப்பீட்டு அமைப்பை ஏற்படுத்தியது. மானியப் பட்டியலில் சேர வேண்டுமென்றால் மருந்து நிறுவனங்கள் பொருளாதாரக் கணக்கையும் காட்டியாக வேண்டும் என்று 1993-ல் முதலில் கட்டாயமாக்கிய நாடு ஆஸ்திரேலியா. பிரிட்டனின் மதிப்பீட்டு அமைப்பான நைஸ் 1999-ல் வந்தது, தாய்லாந்தின் அமைப்பான ஹைடாப் 2007-ல், இந்தியாவின் மதிப்பீட்டு அமைப்பு 2017-ல். உலகச் சுகாதாரப் பேரவையும் 2014-ல் உறுப்பு நாடுகளை இதைக் கைக்கொள்ளச் சொல்லித் தீர்மானம் போட்டது.

மருந்துக்குத்தான் ஏற்கெனவே அனுமதி கொடுத்தாகிவிட்டதே, மறுபடி எதற்கு இன்னொரு மதிப்பீடு?

அனுமதி கொடுப்பவர் கேட்கிற கேள்வி வேறு. மருந்து சுத்தமாகத் தயாராகிறதா, பாதுகாப்பானதா, சொன்ன வேலையைச் செய்கிறதா என்று அவர் பார்க்கிறார். பல சமயம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஜெயித்தாலே அங்கே போதும். ஆனால் மருத்துவமனையில் நோயாளி இப்போது வெற்று மாத்திரையா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்? ஏதோ ஒரு பழைய மருந்து சாப்பிடுகிறார். அந்தப் பழைய மருந்தைவிடப் புதியது எவ்வளவு மேல், அந்த மேன்மைக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்பதை அனுமதிக் கடிதம் சொல்லாது.

உயிருக்கு விலை போடுகிறீர்களா?

எல்லோரும் கேட்கிற கேள்வி, கேட்கத்தான் வேண்டும். என் பதில் கொஞ்சம் நீளம்.

பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கிய பணம் எந்த நாட்டிலும் ஓர் இடத்தில் தீர்ந்துபோகும். அப்படித் தீரும் என்றான பிறகு, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். மதிப்பீடே இல்லாத இடத்திலும் இந்தப் பங்கீடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. யார் வரிசையில் முன்னால் நின்றார், யாருக்குப் பேருந்து வசதி இருந்தது, யாருக்கு ஆளைத் தெரியும், எந்த நிறுவனத்தின் பிரதிநிதி நன்றாகப் பேசினார் என்பதையெல்லாம் வைத்து நடக்கிறது. பெயர் சொல்லாமல் நடப்பதால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

விலை உயர்ந்த மருந்து கேட்டு நம் முன்னால் நிற்பவருக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அழுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பணம் இல்லாமல் போனதால் செவிலியர் நியமிக்கப்படாத வார்டில், ராத்திரி மூச்சுத்திணறல் வந்து யாரும் கவனிக்காமல் இறந்தவருக்கும் இதெல்லாம் இருந்தன, அவரை நமக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்பார்களே, இங்கே அதன் அர்த்தம் இந்த ஆள்தான். இவரையும் கணக்கில் சேர்த்தே தீர வேண்டும் என்பதால்தான் இந்த வேலையை நான் நம்புகிறேன்.

குவாலி, குவாலி என்கிறார்களே, அது என்ன? ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

ஆயுள் எவ்வளவு நீள்கிறது என்பதையும் அந்த ஆயுள் எப்படிக் கழிகிறது என்பதையும் ஒரே எண்ணில் சொல்கிற அளவு அது. தரம் சரிக்கட்டிய ஆயுள் ஆண்டு என்பது முழுப்பெயர். முழு ஆரோக்கியத்தில் ஓர் ஆண்டு என்றால் 1, மரணம் என்றால் 0.

ஒரு நோய்க்குப் பழைய சிகிச்சை எடுத்தால் 2 ஆண்டு, அந்த வாழ்வின் தரம் 0.5 என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1 குவாலி. புதிய சிகிச்சையில் 3 ஆண்டு, தரம் 0.6, ஆக 1.8 குவாலி. கூடுதல் பலன் 0.8. பழையதற்குச் செலவு 4 லட்சம், புதியதற்கு 20 லட்சம் (எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும்). கூடுதல் செலவு 16 லட்சம். 16 லட்சத்தை 0.8-ஆல் வகுத்தால் 20 லட்சம், அதாவது கூடுதலாக ஒரு குவாலி கிடைக்க நாம் கொடுக்கிற தொகை. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு மூன்று இடத்தில் வரும்.

அந்த 0.5, 0.6 எல்லாம் யார் வாயிலிருந்து வந்தது?

அதிகம் பயன்படுகிற கேள்வித்தாளில் ஐந்தே விஷயங்கள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி அல்லது உடல் உபாதை, கவலை அல்லது மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள், ஒன்றும் சிரமமில்லை என்பதிலிருந்து சுத்தமாக முடியவில்லை என்பது வரை. நோயாளி தன் நிலையைக் குறிக்கிறார். மொத்தம் 3,125 விதமான பதில்கள் சாத்தியம்.

அந்த நிலைகளுக்கு மதிப்பெண் போடுவது பெரும்பாலும் பொதுமக்கள். இப்படிக் கேட்பார்கள்: இந்த நிலையில் 10 ஆண்டு இருப்பதா, இல்லை முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைந்த ஆண்டுகள் இருப்பதா, எத்தனை ஆண்டு என்றால் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்? 6 என்று ஒருவர் சொன்னால் அந்த நிலைக்கு அவர் கொடுப்பது 0.6. நோயே வராதவர் நோயாளியின் வாழ்க்கையைப் பற்றி இப்படிச் சொல்வது சரியா என்று கேட்டால், அது தீராத விவாதம். நோயோடு பல வருடம் பழகியவர்கள் தங்கள் நிலைக்கு வெளியாட்கள் போடுவதைவிடக் கூடுதலாகவே மதிப்பெண் போடுவது வழக்கம். வரி கட்டுவது எல்லோரும் என்பதால் எல்லோரையும் கேட்க வேண்டும் என்பது ஒரு பக்கம், அனுபவித்தவருக்குத்தான் தெரியும் என்பது இன்னொரு பக்கம். இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

20 லட்சம் என்று வந்துவிட்டது, சரி. அது அதிகமா குறைவா என்று எதை வைத்துச் சொல்வது?

அதற்குத்தான் வரம்புத் தொகை. நைஸ் பல ஆண்டுகளாக ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்று வைத்திருந்தது. தாய்லாந்தில் 2013-ல் 1,60,000 பாட் என்று நிர்ணயித்தார்கள். தலா உள்நாட்டு உற்பத்தியின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை என்ற விதியைப் பல நாடுகள் பிடித்துக்கொண்டன. உலகச் சுகாதார நிறுவனத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் அதை, ஒவ்வொரு நாட்டின் முடிவுக்கும் கோடு போடப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே பின்னால் எழுதினார்கள்.

வரம்பை வானத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். இப்போது இருக்கிற சேவைகளில் ஒரு குவாலி எவ்வளவு செலவில் கிடைக்கிறது என்று பார்த்து அதைத்தான் கோடாக வைக்க வேண்டும். யார்க் பல்கலைக்கழகத்தார் 2015-ல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவைக்கு அப்படிக் கணக்கிட்டபோது சுமார் 13,000 பவுண்டு என்று வந்தது. அதாவது 30,000 கொடுத்து ஒரு குவாலி வாங்கும்போதெல்லாம், வேறெங்கோ இரண்டுக்கும் மேல் இழக்க நேரிடலாம். உயிருக்கு விலையா என்ற கேள்வியில் சொன்னேனே, முகம் தெரியாத அந்த ஆள், அவர் இங்கேதான் இருக்கிறார்.

சுற்றி வளைத்து, மலிவானதை வாங்குகிற வழிதானே இது?

அப்படிச் செய்தால் மதிப்பீடே தேவையில்லை, விலைப்பட்டியல் போதும். விலை அதிகமாக இருந்தும் பலன் அதற்கேற்ப இருந்தால் தேறிவிடும். மலிவாக இருந்தும் ஒரு பயனும் இல்லையென்றால் தேறாது.

இதில் அரசின் கைக்கு ஒரு பலமும் கிடைக்கிறது. நம் கணக்கில் புதிய சிகிச்சையின் செலவு 20 லட்சத்திலிருந்து 8 லட்சமாக இறங்கினால் கூடுதல் செலவு 4 லட்சம்தான், ஒரு குவாலிக்கு 5 லட்சம் ஆகிறது. மருந்து அதேதான், விலை மட்டும் மாறியது. எந்த விலையில் இது தகும் என்று ஆதாரத்தோடு எழுதிய அறிக்கை கையில் இருந்தால் பேரம் பேசப் போகிறவர் வெறுங்கையோடு போக வேண்டாம்.

தடுப்பூசி மாதிரி இருபது வருடம் கழித்துப் பலன் தருவதெல்லாம் இந்தக் கணக்கில் தோற்றுவிடாதா?

தோற்கிற ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. எதிர்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் கழித்துத்தான் கணக்கில் சேர்ப்பார்கள், நைஸின் வழக்கமான கழிவு ஆண்டுக்கு 3.5 சதவீதம். அந்தக் கணக்கில் இருபது வருடம் கழித்து வரும் ஒரு குவாலி இன்று பாதிதான். ஊசிக்கான செலவோ இன்றைக்கே முழுசாக. அதனால் கழிவு விகிதத்தைக் குறைத்தும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் முதலில் சொன்ன விலையில் அது தகாது என்று மதிப்பீடு சொன்னது. அரசு அவசரப்படாமல் விலையைப் பேசியது. விலை வெகுவாக இறங்கிய பிறகு 2017-ல் நாடு முழுவதும் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். நல்ல பேரம்தான், ஆனால் காத்திருந்த வருடங்களில் வயது தாண்டிப்போன சிறுமிகளையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கணக்கில் தேறிவிட்டால் அரசு வாங்கிவிட வேண்டியதுதானே, அப்புறம் என்ன தயக்கம்?

ஒரு ஆளுக்குக் கட்டுப்படியாவது வேறு, எல்லோருக்கும் சேர்த்து இந்த வருடப் பட்ஜெட்டில் அடங்குவது வேறு. நம் உதாரணத்தில் 10,000 நோயாளிகள் இருந்தால் கூடுதல் செலவு 1,600 கோடி. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு வந்த சோஃபோஸ்புவிர் இதைப் பல நாடுகளுக்கு வலிக்க வலிக்கச் சொல்லிக்கொடுத்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். நோயை அநேகமாக முழுக்கக் குணப்படுத்துகிற அருமையான மருந்து, குவாலி கணக்கிலும் தேறியது, ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில். கல்லீரல் மோசமானவர்களுக்கு முதலில் என்று வரிசை வைக்க வேண்டி வந்தது. அதனால் நல்ல அறிக்கையில் பட்ஜெட் சுமை என்று தனிப் பகுதி இருக்கும், வருடவாரியாக.

கணக்கை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் என்ன ஆகும்? யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் எதையெல்லாம் சேர்ப்பது என்று முடிவு செய்ய, செலவுக்கு எவ்வளவு பலன் என்ற விகிதப்படி சிகிச்சைகளை வரிசையிட்டு 1990-ல் ஒரு பட்டியல் போட்டது. பல்லுக்கு உறை மாட்டுவது குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு மேலே வந்து நின்றது. குடல்வால் வெடித்தால் ஆள் செத்துப்போவார், பல்லில் உறை இல்லாவிட்டால் யாரும் சாவதில்லை. ஆனாலும் பல் உறை மலிவு, அறுவைச் சிகிச்சை விலை கூடுதல், கணக்கு அதைத்தான் பார்த்தது.

ஜனங்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. பட்டியலைக் கைவிட்டு, உயிர் காப்பவை, தாய்சேய் நலம் என்று வகைகளாகப் பிரித்து, பொதுக்கூட்டங்களில் மக்கள் சொன்னதையும் சேர்த்து மறுபடி எழுதினார்கள். கண்ணெதிரே சாகிறவரைக் காப்பாற்றத் துடிக்கிற மனித சுபாவத்தை, மீட்பு விதி என்று இந்தத் துறையில் சொல்வார்கள். அதை மடமை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அது மடமையாகத் தெரியவில்லை, கணக்கோடு சேர்த்து எடைபோட வேண்டிய இன்னொரு காரணமாகத்தான் தெரிகிறது.

அப்படியானால் கணக்கில் தேறாமல் போயும் அரசு கொடுத்த சிகிச்சை ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உதாரணமே அதுதான்.

தாய்லாந்து 2002-ல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தபோது டயாலிசிஸைச் சேர்க்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டை விற்று, கடன் வாங்கி டயாலிசிஸ் செய்தார்கள், முடியாதவர்கள் இறந்தார்கள். மதிப்பீடு செய்து பார்த்தால் இயந்திரத்தில் செய்யும் ஹீமோடயாலிசிஸ், வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் வகை, இரண்டுமே வரம்பைப் பல மடங்கு தாண்டின. குவாலி கணக்கோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு வியாதி ஒரு குடும்பத்தையே ஏழையாக்குகிறது, அதைத் தடுக்கத்தானே இந்தக் காப்பீடு என்று நோயாளிகளும் மருத்துவர்களும் வாதாடினார்கள். 2008-ல் சேர்த்தார்கள்.

சேர்த்த விதத்தில் மதிப்பீட்டின் கை இருக்கிறது. வீட்டில் செய்யும் வகைக்கு முதலிடம் என்று முடிவானது. வயிற்றில் ஒரு குழாய், அதன் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவம் உள்ளே போகும், சில மணிநேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும், ஒரு நாளில் நான்கு தடவை போல. கையைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும், அதற்குப் பயிற்சி வேண்டும். ஆனால் இயந்திரமும் பயிற்சி பெற்ற செவிலியரும் இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கும் சிகிச்சை எட்டியது. நாற்காலியில் நான்கு மணிநேரம் உட்கார வாரத்தில் இரண்டு மூன்று நாள் நகரத்துக்குப் பயணம் செய்ய வேண்டியதில்லை. 2022-ல் எந்த வகை வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள், ஹீமோடயாலிசிஸுக்கு வருகிறவர்கள் வேகமாகக் கூடினார்கள், ஆள் போதுமா பணம் போதுமா என்ற பழைய கேள்விகள் மறுபடி தலைதூக்கின. ஒரு தடவை மதிப்பிட்டுவிட்டு மூட்டை கட்டிவைக்கிற வேலை இல்லை இது.

நோயாளிகள் பேச்சுக்கு இதில் இடம் இருக்கிறதா, இல்லை சும்மா கூப்பிட்டு உட்கார வைப்பதா?

சும்மா உட்கார வைப்பதும் நடக்கிறது. ஒழுங்காகச் செய்தால் என்ன மாறும் என்று சொல்கிறேன். ஒரு கூட்டத்தில், டயாலிசிஸ் எடுக்கும் ஒரு அம்மா நாங்கள் போட்டிருந்த கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாலு மணிநேரம்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் என்னால எழுந்திருக்க முடியாது, அது எங்கே?" என்றார். அது எங்கேயும் இல்லை. சிகிச்சைக்குப் பிறகு ஆளை அடித்துப்போடுகிற அந்தக் களைப்பு, கூட வருகிற மகன் இழக்கிற ஒரு நாள் கூலி, இரண்டும் விட்டுப்போயிருந்தன. சேர்த்துப் போட்டபோது வீட்டில் செய்கிற வகையின் பக்கம் கணக்கு சாய்ந்தது. முடிவெல்லாம் எழுதிய பிறகு நோயாளியைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதில் பயனில்லை, எதையெல்லாம் அளப்பது என்று பேசும்போதே அவர் இருக்க வேண்டும்.

ஆய்வில் நல்ல முடிவு வந்த மருந்தைக்கூடச் சந்தேகப்படுகிறீர்களே, ஏன்?

எதை அளந்து நல்ல முடிவு என்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆபத்து என்று தெரியும், அதனால் துடிப்பைச் சீராக்கும் என்கைனைடு, ஃபிளெகைனைடு மருந்துகளைக் கொடுத்தார்கள், ஈ.சி.ஜி.யில் துடிப்பு அழகாகச் சீரானது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய சோதனையின் முடிவு 1989-ல் வந்தபோது, மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். துடிப்பு சீரானால் உயிர் பிழைப்பார் என்பது நியாயமான ஊகம்தான், ஆனால் ஊகம்.

இன்னொன்று, முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜை மாற்றுவது. 1990-களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்கள் அதற்கு ஆளானார்கள், காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தால் நீதிமன்றம் போய் வாங்கினார்கள். 1999-ல் ஐந்து சோதனைகளின் முடிவுகள் வந்தன. நான்கில் வழக்கமான சிகிச்சையைவிட ஒரு பலனும் இல்லை. பலன் உண்டு என்ற ஐந்தாவதில் மோசடி நடந்திருப்பது அடுத்த வருடமே தெரிந்தது. அத்தனை வேதனையை அந்தப் பெண்கள் எதற்குத் தாங்கினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆதாரம் வரட்டும் என்று சொல்கிறவர்களைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து கம்பெனி கொடுக்கிற தரவை வைத்தே மதிப்பிட்டால் அதை எப்படி நம்புவது?

அப்படியே நம்பக் கூடாது. நம் கணக்கை வைத்தே சொல்கிறேன். புதிய சிகிச்சைக்கு 20 லட்சம், 1.8 குவாலி, இதை நேரடியாக வகுத்து "ஒரு குவாலி 11 லட்சம்தான்" என்று ஒருவர் காட்டலாம். எண்ணில் பிழை இல்லை, ஆனால் எந்தச் சிகிச்சையும் எடுக்காதவரோடு ஒப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டால் 20 லட்சம். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான் நான் எப்போதும் முதலில் தேடுவேன்.

அடுத்து, எண்களை அசைத்துப் பார்ப்பது. 3 ஆண்டு என்றது 2.5 ஆண்டாக இருந்தால்? 1.5 குவாலி, கூடுதல் பலன் 0.5, ஒரு குவாலி 32 லட்சம். ஒரே ஒரு ஊகத்தை ஆறு மாதம் நகர்த்தியதும் 20 என்பது 32 ஆகிவிட்டது. சோதனை ஒரு வருடம்தான் நடந்தது, மீதி ஆயுளை வரைபடத்தில் நீட்டிப் போட்டார்கள் என்றால் இந்த இடத்தில்தான் எல்லாம் ஒளிந்திருக்கும். அதனால் நிறுவனம் தரும் கணக்கை வெளியாட்களான ஒரு குழு பிரித்து மேய வேண்டும், குழுவில் யாருக்கு எந்த நிறுவனத்தோடு பணத் தொடர்பு என்று எழுதிவைக்க வேண்டும், கணக்குத் தாளையும் வெளியே வைக்க வேண்டும்.

பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால் அவர்கள் கதி என்ன?

வழக்கமான கோட்டை வைத்தால் அரிய நோய்க்கான மருந்துகள் பல தேறாது. நோயாளிகள் குறைவு என்பதால் பெரிய சோதனைகள் நடத்த முடியாது, விலையும் எக்கச்சக்கம். நைஸ் மிக அரிய நோய்களுக்குத் தனிப் பாதை வைத்து, 2017-லிருந்து ஒரு குவாலிக்கு 1,00,000 பவுண்டு வரை, பலன் மிகப் பெரிதாக இருந்தால் 3,00,000 வரை என்று அனுமதித்தது. வேறு சில இடங்களில், மருந்து வேலை செய்தால்தான் பணம் என்று ஒப்பந்தம் போடுகிறார்கள்.

அரிதாக வந்தது என்பதற்காக மட்டும் ஒருவரின் ஓர் ஆண்டுக்கு இன்னொருவரின் ஓர் ஆண்டைவிடப் பத்து மடங்கு கொடுப்பது நியாயமா? நோயின் கொடுமைக்காகக் கூடுதல் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், அரிது என்பதற்காக மட்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னோடு வேலை செய்பவர்களிலேயே பாதிப்பேர் இதில் எனக்கு எதிர்க்கட்சி.

குவாலி வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரானது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, அந்தப் பாதி முக்கியமானது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் வாழ்வுக்கு 0.6 என்று மதிப்பெண் விழுந்தால், அவர் உயிரை ஓர் ஆண்டு நீட்டினால் 0.6-தான் கிடைக்கும், மற்றவருக்கு நீட்டினால் 1. அப்படியே விட்டால் அநியாயம்தான். மேலே மதிப்பெண் யார் போடுவது என்று பார்த்தோமே, அந்தக் குறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கா 2010-ல் கொண்டுவந்த சுகாதாரச் சட்டத்தில் குவாலிக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டுவதை அங்குள்ள ஆய்வு நிறுவனத்துக்குத் தடைசெய்தது. ஜெர்மனி 2011-லிருந்து, இருக்கிற சிகிச்சையைவிடக் கூடுதல் நன்மை உண்டா, எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு விலை பேசப் போகிறது. நைஸ் 2022-ல் நோய் எவ்வளவு கொடியதோ அவ்வளவு கூடுதல் எடை கொடுக்க ஆரம்பித்தது.

குவாலியைத் தூக்கி எறிந்துவிட்டால் பாரபட்சம் போய்விடுமா என்று கேட்டால், போகாது. எழுதாத கணக்கில் இருக்கிற பாரபட்சத்தை யாரும் சுட்டிக்காட்டக்கூட முடியாது.

இவ்வளவு மதிப்பீடு முடிய வருடக்கணக்கில் ஆகுமே, அதுவரை நோயாளி காத்திருக்கணுமா?

தாமதத்தால் உயிர் போகும், அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. சின்னக் கேள்விகளைச் சில வாரங்களில் முடிக்கும் துரித மதிப்பீடுகள் உண்டு, தரவு சேர்த்துக்கொண்டே தற்காலிகமாகக் கொடுக்கிற வழியும் உண்டு. ஆனால் தரவு சேர்க்கிற நிபந்தனையில்லாமல் கதவைத் திறந்துவிடக் கூடாது. இங்கிலாந்து 2011-ல் நைஸ் பரிந்துரைக்காத புற்றுநோய் மருந்துகளுக்கென்று தனி நிதி வைத்தது, 2016-ல் அதைத் திருத்தி அமைக்கும் வரை சுமார் 127 கோடி பவுண்டு செலவானது. பிறகு ஆராய்ந்தவர்கள், அந்த மருந்துகளில் பெரும்பாலானவை நோயாளிகளுக்கு அர்த்தமுள்ள பலன் தந்ததற்கு ஆதாரமில்லை என்றார்கள். என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதிவைக்காததால் அடுத்த நோயாளிக்குச் சொல்லக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

வேறு நாட்டு அறிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டால் நேரம் மிச்சம்தானே?

மருந்து வேலை செய்கிறதா என்ற பகுதியைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து புதிய புற்றுநோய் மருந்துகளுக்கும் மரபணு, செல் சிகிச்சைகளுக்கும் அந்தப் பகுதியைக் கூட்டாகச் செய்கிறது. விலை, செவிலியர் சம்பளம், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, இப்போது என்ன சிகிச்சை கிடைக்கிறது என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் தகுமா தகாதா என்பதை அவரவர்தான் போட வேண்டும். அங்கேயும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

புதியதை மட்டும்தான் பார்ப்பீர்களா? வருடக்கணக்காகச் செய்துவரும் வீண் சிகிச்சைகளை யார் நிறுத்துவது?

நிறுத்துவதுதான் கஷ்டம். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் துளைபோட்டுக் கழுவிச் சுரண்டும் அறுவைச் சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2002-ல் ஒரு சோதனை வெளிவந்தது. இரண்டு பக்கமும் வலி ஒரே மாதிரிதான் குறைந்திருந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் அந்தச் சிகிச்சை தொடர்ந்தது, ஏனென்றால் செய்கிறவருக்கு நம்பிக்கை, செய்துகொண்டவருக்கு நிம்மதி, மருத்துவமனைக்கு வருமானம். புதிய மருந்துக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது இங்கே செலவிட்டால், புதியதற்குப் பணம் இல்லை என்ற பேச்சே பல இடங்களில் எழாது.

எல்லாம் சரி, மதிப்பீடு ஒன்று சொல்ல, அமைச்சர் வேறொன்று செய்தால் என்ன பண்ணுவது?

செய்யலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. மதிப்பீடு ஆலோசனைதான், தேர்தலில் ஜெயித்தவர் அதைத் தாண்டிப்போக நல்ல காரணம் இருக்கலாம். டயாலிசிஸில் நடந்தது அதுதான். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் காரணம் எங்கே எழுதியிருக்கிறது? அறிக்கையையும் முடிவையும் காரணத்தையும் சேர்த்துப் பொதுவில் வைத்தார்களா, மறுப்புச் சொல்ல வருகிறவருக்கு மேல்முறையீடு இருக்கிறதா, புதிய ஆதாரம் வந்தால் திருத்துவோம் என்று தேதி போட்டிருக்கிறார்களா?

முடிவு பிடிக்காவிட்டால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிறைய இடங்களில் இணையத்திலேயே கிடைக்கும், கிடைக்காத இடத்தில் தகவல் கேட்டு எழுதலாம். எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை வருடத்துக்கு நீட்டினார்கள், எந்த விலையை வைத்தார்கள், இந்த மூன்று பக்கத்தை மட்டும் முதலில் படியுங்கள். அதில் பிழை இருந்தால் அதே பக்க எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கஷ்டமாகிவிடும்.